47 வருஷம், ஒரே பைக்: 68 வயதில் சாதனை படைத்த 'இந்தியன்' பர்ட் மன்றோ யார்?

'தி வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் இந்தியன்' என்று 2005-ல் ஒரு படம் வந்தது. பேரைக் கேட்டால் நம்ம நாட்டு ஓட்டப்பந்தய வீரர் யாரோ ஒருவரின் கதை என்று தோன்றும். ஆனால் படத்தின் ஹீரோ இந்தியர் இல்லை. நடித்தவர் ஆந்தனி ஹாப்கின்ஸ். கதை நடப்பது நியூசிலாந்திலும் அமெரிக்காவிலும். தலைப்பில் இருக்கும் 'இந்தியன்', ஒரு பைக்கின் பெயர்.

அந்த பைக்கின் சொந்தக்காரர் பர்ட் மன்றோ, உண்மையாகவே வாழ்ந்த மனிதர். 1920-ல் ஒரு பைக் வாங்கினார். அதையே வருஷக்கணக்கில் பிரித்து, மாற்றி, மறுபடி பூட்டி, 1967-ல் உலக சாதனை படைத்தார். அப்போது அவருக்கு வயது 68.

ஒரே பார்வையில் அந்தக் கதை:

• பைக் வாங்கியது: 1920
• மாற்ற ஆரம்பித்தது: 1926
• வாங்கியபோது அதன் உச்ச வேகம்: மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 89 கி.மீ.
• 1967-ல் பதிவான வேகம்: மணிக்கு 190.07 மைல், அதாவது சுமார் 306 கி.மீ.
• எஞ்சின்: 600 சிசி-யில் தொடங்கி 950 சிசி வரை

மூன்றரை மடங்கு வேகம். பின்னால் பெரிய கம்பெனி இல்லை, ஸ்பான்சர் இல்லை, என்ஜினீயர் குழு இல்லை. இது எப்படி நடந்தது? அதற்கு அவர் கொடுத்த விலை என்ன?

யார் இந்த பர்ட் மன்றோ?

முழுப் பெயர் ஹெர்பர்ட் ஜேம்ஸ் மன்றோ. 1899 மார்ச் 25-ம் தேதி நியூசிலாந்தின் தென்கோடியில் இருக்கும் சவுத்லேண்ட் பகுதியில் பிறந்தார். இன்வர்கார்கில் நகரத்துக்குக் கிழக்கே ஈடன்டேல் என்ற ஊரில் குடும்பத்துக்கு விவசாயப் பண்ணை. இரட்டைக் குழந்தைகளில் ஒருவர் இவர். கூடப் பிறந்த தங்கை பிறக்கும்போதே இறந்துவிட்டார்.

சின்ன வயதிலேயே வேகத்தின் மேல் பைத்தியம். பண்ணையில் இருப்பதிலேயே வேகமான குதிரையில் ஏறி ஓட்டுவது, அதற்கு அப்பாவிடம் திட்டு வாங்குவது என்றுதான் நாள் போனது. அப்புறம் கார், மோட்டார் சைக்கிள், விமானம் எல்லாம் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க ஆரம்பித்தன. உள்ளடங்கிய பண்ணையில் வளர்ந்த பையனுக்கு அது போதுமே.

முதல் உலகப் போர் முடிந்த பிறகு அப்பா பண்ணையை விற்றார். மன்றோ கொஞ்ச நாள் ஒட்டிரா ரயில் சுரங்கப்பாதை கட்டும் வேலைக்குப் போனார். அப்பா வேறு பண்ணை வாங்கியதும் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். அந்தக் காலகட்டத்தில்தான் அந்த பைக் அவர் கைக்கு வந்தது.

அந்த பைக்கில் அப்படி என்ன ஸ்பெஷல்?

உண்மையைச் சொன்னால், பெரிதாக ஒன்றும் இல்லை. இந்தியன் என்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த மோட்டார் சைக்கிள் கம்பெனி. அது வெளியிட்ட 'ஸ்கவுட்' மாடலைத்தான் மன்றோ 120 பவுண்டு கொடுத்து வாங்கினார். இரண்டு சிலிண்டர் எஞ்சின், கையால் மாற்றும் மூன்று கியர். எஞ்சின் நம்பர் 50ஆர்627. அந்த மாடலில் ஆரம்பத்தில் வந்த வண்டிகளில் இதுவும் ஒன்று.

அந்தக் காலத்துக்கு நல்ல, உறுதியான வண்டி. ஆனால் ரேஸ் வண்டி கிடையாது. தினசரி ஓட்டத்துக்கென்று செய்த சாதாரண பைக்.

இந்த இடத்தில் 'ஹாட் ராட்' பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய, விலை குறைந்த வண்டி ஒன்றை எடுத்து, தேவையில்லாததையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, எஞ்சினை வீட்டுக் கொட்டகையிலேயே பலப்படுத்தி வேகமாக ஓட வைப்பதுதான் ஹாட் ராட் கலாசாரம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை வைத்து இதைச் செய்து பிரபலம் ஆனார்கள். மன்றோ செய்ததும் அதே வேலைதான். ஆனால் அவர் தனி ஆள். உலகத்தின் இன்னொரு மூலையில், இரண்டு சக்கர வண்டியில், அவர்களுக்கு முன்பே தொடங்கிவிட்டார்.

பகலில் வேலை, ராத்திரியில் பைக்

1920-களில் மன்றோ ரேஸ் ஓட்டுவதையே தொழிலாக வைத்திருந்தார். இன்வர்கார்கில் பக்கத்தில் ஒரேட்டி கடற்கரை இருக்கிறது. ஈர மணல் இறுகிப்போய் ரோடு மாதிரி நீளமாகக் கிடக்கும். அங்கேதான் அவருடைய பயிற்சி. ஆஸ்திரேலியாவிலும் போய் ஓட்டினார். பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. ஊருக்குத் திரும்பி வந்து, மோட்டார் சைக்கிள் விற்பனையாளராகவும் மெக்கானிக்காகவும் வேலைக்குச் சேர்ந்தார்.

அன்றிலிருந்து அவருடைய நாள் இரண்டாகப் பிரிந்தது. பகல் முழுக்க வேலை. ராத்திரி முழுக்க பைக். ரேஸ் நெருங்கினால் விடிய விடிய வண்டியோடு மல்லுக்கட்டிவிட்டு, தூங்காமல் அப்படியே காலையில் வேலைக்குப் போவதும் உண்டு.

பைக்கில் அவர் என்னவெல்லாம் மாற்றினார்?

• வால்வ்: கம்பெனி கொடுத்த எஞ்சினில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் இருந்தன. காற்றும் பெட்ரோலும் சுற்றி வளைத்துத்தான் உள்ளே போகும். மன்றோ வால்வுகளை சிலிண்டருக்கு மேலே கொண்டுவந்தார். வழி நேரானது, எஞ்சின் நன்றாக 'மூச்சு' விட்டது.

• கேம்: வால்வைத் திறந்து மூடும் கேம், பழைய எஞ்சினில் இரண்டு. அவர் நான்கு கேம் வருகிற மாதிரி மாற்றினார்.

• பிஸ்டன்: உலோகத்தை உருக்கி, பழைய டின்களை அச்சாக வைத்து ஊற்றி, தானே வார்த்தார். சிலிண்டர், ஃப்ளைவீல் எல்லாமே அவர் கைவேலைதான்.

• கனெக்டிங் ராட்: பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் இந்தத் தண்டுதான் அதிக அடி வாங்கும் பாகம். டிராக்டர் ஆக்சிலின் இரும்பை எடுத்து, அறுத்து, அராவி, பதம் போட்டுத் தயாரித்தார்.

• செயின்: பவர் கூடியதும் சக்கரத்துக்கு அதைக் கொண்டுசெல்ல மூன்று செயின் அமைப்பு வைத்தார்.

இதையெல்லாம் அளக்க என்ன கருவி வைத்திருந்தார் தெரியுமா? மைக்ரோமீட்டருக்குப் பதில் ஒரு பழைய சக்கரக் கம்பி. ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் எஞ்சின் வெடிக்கக்கூடிய வேலை. அதை ஸ்போக் கம்பியை வைத்து அளந்து செய்தார்.

ஏன் எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும்? இரண்டு காரணம். ஒன்று, கையில் காசு இல்லை. இன்னொன்று, போகப் போக உதிரிபாகம் கிடைக்கவே வழியில்லாமல் போனது. இந்தியன் கம்பெனி 1953-ல் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. வண்டியைச் செய்தவர்களே கடையைச் சாத்திய பிறகும், இன்வர்கார்கிலில் ஒரு மனிதர் அந்த வண்டியை விடாமல் செய்துகொண்டிருந்தார்.

உடைந்த பாகங்களுக்கு ஒரு அலமாரி

கையால் வார்த்த பிஸ்டன் எவ்வளவு தாங்கும்? சில சமயம் ஒரு ரேஸ், சில சமயம் அதுவும் இல்லை. எஞ்சின் வெடிக்கும். தண்டு முறியும். மன்றோ அதை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, பிரித்து, எது உடைந்தது, ஏன் உடைந்தது என்று பார்த்து, இன்னொன்று வார்ப்பார்.

உடைந்ததைத் தூக்கிப் போட மாட்டார். கொட்டகையில் ஒரு அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். அதற்கு அவர் எழுதி வைத்த பெயருக்கு, வேகக் கடவுளுக்குச் செலுத்திய காணிக்கைகள் என்று அர்த்தம். அவரைப் பற்றி 1970-களின் தொடக்கத்தில் வந்த டாக்குமென்டரிக்கும் அதுதான் தலைப்பு. அதை எடுத்த ரோஜர் டொனால்ட்சன்தான் பல வருஷம் கழித்து ஹாப்கின்ஸை வைத்து முழுநீளப் படமும் எடுத்தார்.

பார்க்க வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் அந்த அலமாரிதான் அவருடைய நோட்டுப் புத்தகம். அவர் காலேஜில் என்ஜினீயரிங் படித்தவர் இல்லை. எந்த உலோகம் எவ்வளவு சூடு தாங்கும், எந்த இடத்தில் விரிசல் விழும் என்பதையெல்லாம் உடைந்த துண்டுகளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். 1938-ல் முதல் நியூசிலாந்து சாதனை வந்தது. பைக்கை மாற்ற ஆரம்பித்து அதற்குள் 12 வருஷம் ஓடியிருந்தது.

குடும்பம் என்ன ஆனது?

இந்தப் பகுதியைப் பல கட்டுரைகள் ஒரே வரியில் தாண்டிப் போய்விடும். மன்றோவுக்கு 1927-ல் கல்யாணம் ஆனது. நான்கு பிள்ளைகள். 1947-ல் விவாகரத்து.

ஒரு கல்யாண வாழ்க்கை உடைய என்ன காரணம் என்று வெளியில் இருப்பவர்கள் சொல்லிவிட முடியாது. ஆனால் கணக்கு கண்ணெதிரே இருக்கிறது. பகல் வேலைக்கு, ராத்திரி பைக்குக்கு என்றால் வீட்டுக்கு என்ன மிஞ்சும்? சம்பளத்தில் எவ்வளவு இரும்புக்கும் எரிபொருளுக்கும் போயிருக்கும்?

பிரிவுக்குப் பிறகு மன்றோ ஒரு பூட்டு போட்ட கொட்டகையையே வீடாக்கிக்கொண்டார். படுக்கை ஒரு பக்கம், பைக் ஒரு பக்கம். வேலையையும் விட்டுவிட்டார். இனி முழு நேரமும் வண்டிதான். இந்தியன் கூட, 1936 மாடல் வெலோசெட் பைக் ஒன்றையும் இதே மாதிரி மாற்றிக்கொண்டிருந்தார்.

விடாமுயற்சி என்று நாம் பாராட்டுகிற ஒன்றை, அதே வீட்டுக்குள் இருந்து பார்த்தவர்கள் வேறு மாதிரி அனுபவித்திருக்கலாம். மன்றோவின் கதையில் இரண்டுமே உண்டு.

ஏன் அமெரிக்கா? ஏன் உப்புத் தரை?

1957-ல் ஒரேட்டி கடற்கரையில் மணிக்கு 131.38 மைல் வேகத்தைத் தொட்டார். அதாவது சுமார் 211 கி.மீ. அதற்கு மேல் போக அந்த மணல் இடம் கொடுக்காது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் போனவில் உப்புச் சமவெளி இருக்கிறது. ஆதிகாலத்தில் பெரிய ஏரியாக இருந்து வற்றிப்போன இடம். குளிர்காலத்தில் தண்ணீர் தேங்கும், கோடையில் காயும். அப்படிக் காயும்போது தரை முழுக்க உப்புப் படிந்து, மேடு பள்ளம் இல்லாமல் பாலாடை மாதிரி பரந்து கிடக்கும். குறுக்கே மரமோ வீடோ எதுவும் கிடையாது. 1949-ல் இருந்து கலிஃபோர்னியா ஹாட் ராட்காரர்கள் அங்கே 'ஸ்பீட் வீக்' நடத்தி வருகிறார்கள்.

சாதனைக்கு விதிமுறையும் உண்டு. ஒரு தடவை வேகமாகப் போனால் போதாது. இரண்டு ஓட்டம் ஓடி, அவற்றின் சராசரிதான் கணக்கு. முதல் ஓட்டத்தில் எஞ்சின் வெடித்தால் கதை முடிந்தது. வேகத்தோடு தாக்குப்பிடிக்கும் திறனும் வேண்டும்.

இன்னொரு பிரச்னை காற்று. வேகம் இரண்டு மடங்கு ஆனால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு ஆகும். அதை வெல்லத் தேவைப்படும் பவர் கிட்டத்தட்ட எட்டு மடங்கு. எஞ்சினை மட்டும் பெருக்கி இதைச் சமாளிக்க முடியாது. அதனால் மன்றோ பைக்கை மீன் வடிவக் கூடு ஒன்றால் மூடினார். அவர் அதற்குள் படுத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் பைக்கே தெரியாது.

1962: கப்பலில் சமையல், 90 டாலர் கார்

மன்றோ மொத்தம் 10 தடவை போனவில் போனார். முதல் பயணம் வேடிக்கை பார்க்க மட்டும். 1950-களின் கடைசியில் அவருக்கு நெஞ்சுவலி பிரச்னையும் வந்துவிட்டது. பெரும்பாலானவர்கள் வண்டியை மூடி வைத்துவிட்டு ஓய்வெடுக்கும் நேரம். அவர் கிளம்பினார்.

1962 பயணத்துக்கு டிக்கெட் காசு மிச்சம் பிடிக்க, சரக்குக் கப்பலில் சமையல்காரராக வேலை பார்த்துக்கொண்டே பசிபிக் பெருங்கடலைத் தாண்டினார். லாஸ் ஏஞ்சலிஸ் இறங்கி 90 டாலருக்கு ஒரு பழைய நாஷ் கார் வாங்கினார். பைக்கை அதில் கட்டி இழுத்துக்கொண்டு சுமார் 1,000 கி.மீ. ஓட்டிப் போனார்.

அங்கே அவருக்கு நண்பர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ரோலி ஃப்ரீ. 1948-ல் காற்றின் எதிர்ப்பைக் குறைக்க நீச்சல் உடையோடு பைக் மேல் குப்புறப் படுத்து, இதே போனவிலில் மணிக்கு 150 மைலைத் தாண்டியவர் அவர். கிறுக்குத்தனத்தில் மன்றோவுக்குச் சரியான ஜோடி.

அந்த ஆகஸ்டில் 883 சிசி பிரிவில் மணிக்கு 178.95 மைல் வேகத்தில் மன்றோ சாதனை படைத்தார். சுமார் 288 கி.மீ. அவருக்கு வயது 63. பைக்குக்கு வயது 42.

1967: உச்சம்

1966-ல் எஞ்சினை இன்னும் பெரிதாக்கி 1000 சிசி பிரிவுக்கு ஏறினார். மணிக்கு 168.07 மைல். போன தடவையைவிட வேகம் குறைவு, ஆனாலும் அந்தப் பிரிவில் அது சாதனை. ஊருக்குப் போனார், மறுபடி பிரித்தார், மறுபடி பூட்டினார்.

1967-ல் 950 சிசி எஞ்சினோடு வந்தார். தகுதிச் சுற்றில் ஒருவழி ஓட்டத்தில் 190.07 மைல். ஒரு இந்தியன் பைக்கில் அதுவரை அதிகாரபூர்வமாகப் பதிவான அதிகபட்ச வேகம் அது. இரண்டு ஓட்டத்தின் சராசரியாக அறிவிக்கப்பட்ட சாதனை, மணிக்கு 183.58 மைல்.

சினிமாவில் இந்த வேகம் 200 மைலைத் தாண்டிவிடும். படம் பல வருஷப் பயணங்களை ஒரே பயணமாகச் சுருக்கிக் காட்டுகிறது. ஒரு தாத்தா முதல் தடவையே வந்து ஜெயித்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். நிஜத்தில் 1962-க்கும் 1967-க்கும் நடுவில் 5 வருஷம் இருக்கிறது. அந்த அலமாரியில் இன்னும் எத்தனையோ காணிக்கை சேர்ந்தது. திரும்பத் திரும்ப வந்ததுதான் நிஜக் கதையின் பெரிய பகுதி.

சரி, அது அதே பைக்தானா?

நியாயமான கேள்வி. பிஸ்டன், சிலிண்டர், தண்டு, கேம் எல்லாம் மாறிவிட்டது. வெளித்தோற்றமும் மாறிவிட்டது. அப்புறம் அது 1920-ல் வாங்கிய வண்டி என்று எப்படிச் சொல்வது?

பழைய வண்டிகளைச் சேகரிப்பவர்கள் நடுவே இந்த வாதம் எப்போதும் உண்டு. கம்பெனியில் இருந்து வந்த மாதிரியே மீட்டெடுப்பதுதான் மரியாதை என்பது ஒரு கட்சி. ஓட்டுகிறவர் தேவைக்கு மாற்றுவதுதான் வண்டிக்கு உயிர் என்பது இன்னொரு கட்சி. மன்றோ சந்தேகமே இல்லாமல் இரண்டாவது கட்சி.

மாறாதது எஞ்சின் நம்பர். கூடவே, ஒவ்வொரு பாகமும் அதற்கு முன் உடைந்த பாகத்தில் இருந்து கற்றுக்கொண்டு வந்தது. எந்தக் கட்டத்திலும் அவர் பழையதை விட்டுவிட்டு வேறு வண்டியில் புதிதாகத் தொடங்கவில்லை. அந்தத் தொடர்ச்சியை வைத்துப் பார்த்தால் அது அதே பைக்தான்.

கடைசி வருஷங்கள்

1977-ல் மன்றோவுக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் முன்பு மாதிரி ஒத்துழைக்கவில்லை. வண்டியை இனி ஓட்ட முடியாது என்று புரிந்துபோனது. ஆனால் பைக்குகள் சவுத்லேண்டை விட்டுப் போகக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். அதனால் இந்தியன், வெலோசெட் இரண்டையும் இன்வர்கார்கிலில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த நார்மன் ஹேயஸுக்கு விற்றார்.

1978 ஜனவரி 6-ம் தேதி மன்றோ காலமானார். வயது 78.

இறந்து 36 வருஷம் கழித்து வந்த திருத்தம்

கதை அங்கே முடியவில்லை. 2005-ல் படம் வந்தது. 2006-ல் அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்தின் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் சேர்ந்தது. அதே வருஷத்தில் இருந்து இன்வர்கார்கிலில் அவர் பெயரில் 'பர்ட் மன்றோ சேலஞ்ச்' போட்டிகள் நடக்கின்றன. ஒரேட்டி கடற்கரையிலும் ரேஸ் உண்டு.

அதன் பிறகு 2014-ல் ஒரு விஷயம் நடந்தது. 1967 சாதனையின் கணக்கில் ஒரு தப்பு இருப்பதை ஒருவர் கவனித்தார். சங்கம் அன்றைக்குப் போட்ட கணக்கு பிசகியிருந்தது. சரியாகக் கணக்கிட்டால் வேகம் மணிக்கு 183.58 மைல் இல்லை, 184.087 மைல். சுமார் 296.26 கி.மீ. சாதனை அதிகாரபூர்வமாகத் திருத்தப்பட்டது.

கூடியது அரை மைல்தான். கார் ஓட்டும்போது அரை மைல் வித்தியாசம் நமக்குத் தெரியவே தெரியாது. ஆனால் மன்றோவின் கொட்டகையில் அந்த அரை மைலுக்காக ஒரு குளிர்காலமே போயிருக்கும்.

அந்தத் தப்பைக் கண்டுபிடித்தவர் மன்றோவின் மகன். ராத்திரியெல்லாம் அப்பா பைக்கோடு இருந்த அதே வீட்டில் பிறந்த பிள்ளை.

இப்போது அந்த பைக் எங்கே?

மன்றோ ஆசைப்பட்டபடியே இன்வர்கார்கிலில். ஹேயஸ் ஹார்டுவேர் கடையில், ஆணி, சுத்தி, பெயின்ட் வாங்க வருகிற ஆட்களுக்கு நடுவில் காட்சிக்கு இருக்கிறது. அந்த ஊர்ப் பக்கம் போகிறவர்கள் பார்க்கலாம்.